புழுவும் நிர்ப்பீடனமும்

(வாலிபர் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பல்கலைக்கழகத்திலே என்னதான் படிப்பிக்கிறார்கள் என்று இங்கு வந்து சொல்லும்படி சங்கத்தார் பணித்தார்கள். முழுவதையும் சொல்லப் புகுந்தால் பொழுது போதாது. ஆகையால் மருத்துவ பீடத்தில் கற்பிக்கப்படும் இரண்டு பாடங்களை மாத்திரம் எடுத்துக்கொள்கிறேன். பிற உயிரின் உடலில் குடியிருந்து அதன் உணவையே உண்டு வாழும் புழுக்களையும் கிருமிகளையும் ஆராய்வது ஒட்டுண்ணியியல். வந்த நோயை உடம்பு எவ்வாறு எதிர்க்கிறது, அதை எவ்வாறு நினைவில் வைத்துக்கொள்கிறது என்று ஆராய்வது நிர்ப்பீடனவியல். பெயர்கள் மிரட்டினாலும் பொருள் நம்முடைய லயத்து வாசலிலே கிடக்கிற பொருள்தான்.

நிர்ப்பீடனத்தைப் பற்றிய முதல் விரிவுரைகள் கேட்பதற்கு உற்சாகமானவை. சின்னமுத்து ஒருமுறை வந்து போனால் சாதாரணமாக மறுமுறை வராது. உடம்பு அதன் அடையாளத்தைக் கற்றுக்கொண்டுவிடுகிறது. அந்தக் கல்வியை நோயின்றியே புகட்டுவதுதான் தடுப்பூசி. அதன் பலத்தால் பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்தது என்று 1980இல் அறிவித்தார்கள். இதையெல்லாம் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது, அடுத்த மணியில் ஒட்டுண்ணியியல் ஆசிரியர் வந்து புழுவைக் காட்டுகிறார்.

புழுவிடம் இந்தப் பெருமை செல்லுபடியாவதில்லை. வெண்குருதிக் கலம் ஒரு கிருமியை விழுங்கலாம். ஒரு சாண் நீளமுள்ள வட்டப்புழுவை எதைக் கொண்டு விழுங்கும்? உடம்பு சும்மா இருப்பதும் இல்லை. இயோசினோபில் என்னும் கலங்களையும், ஐ.ஜீ.ஈ. என்னும் பிறபொருளெதிரியையும் திரட்டி அனுப்புகிறது. புழுவோ அந்தச் சினத்தைத் தணிக்கும் பொருள்களைத் தானே சுரந்து, வருடக் கணக்கில் குடலிலே குடித்தனம் நடத்துகிறது. கொழுக்கிப்புழுக்களில் ஒரு வகை நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலீற்றர் இரத்தத்தைப் போக்கும். அற்பம் என்று தோன்றும். நூறு புழு இருந்தால் மாதம் 90 மில்லிலீற்றர். அரை வயிற்றுச் சாப்பாட்டோடு மலையேறிக் கொழுந்து பறிக்கும் ஒரு தாய்க்கு இது என்ன கணக்கு என்று நீங்களே பாருங்கள்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். மருந்து கொடுத்தால் புழு இறங்கிவிடும். ஆனால் இறங்கிய புழு உடம்புக்குப் போதிய பாடம் எதையும் விட்டுச்செல்வதில்லை. மறுநாளே மண்ணிலிருந்து புதுப்புழு ஏறலாம். கொழுக்கிப்புழுவின் குடம்பி பாதத்தின் தோலைத் துளைத்து ஏறும். வட்டப்புழுவின் முட்டை கையோடும் கீரையோடும் வாய்க்குப் போகும். ஒரு பெண் வட்டப்புழு நாளொன்றுக்கு இரண்டு இலட்சம் முட்டை வரை இடும் என்றும், அவை மண்ணில் வருடக் கணக்கில் கிடந்தும் சாகாமல் இருக்கும் என்றும் படிக்கிறோம்.

இதற்கு அத்தாட்சி தேடி வெளிநாட்டுக்குப் போகவேண்டியதில்லை. 1992இல் இந்நாட்டுத் தோட்டங்களில் 3 முதல் 12 வயதுள்ள பிள்ளைகளையும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களையும் சோதித்தபோது, நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குடற்புழு இருந்தது. 1994 முதல் வருடத்துக்கு இருமுறை 3 வயதிலிருந்து 18 வயது வரையுள்ளவர்களுக்குப் புழு மருந்து கொடுத்தார்கள். 2005இல் அது நின்றுபோயிற்று. நான்கு வருடம் கழித்து, களனிப் பல்கலைக்கழக ஒட்டுண்ணியியற் பேராசிரியை நிலாந்தி டி சில்வாவும் உடனாய்வாளரும் ஐந்து மாவட்டங்களில் 114 பாடசாலைகளுக்குச் சென்று 1,890 பிள்ளைகளைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 29 பேருக்குப் புழு இருந்தது. தொண்ணூறு இருபத்தொன்பதாகக் குறைந்தது பெரிய காரியந்தான், மறுக்கவில்லை. எனினும் மருந்து நின்றபின் புழு தன் பழைய வீட்டைத் தேடி வருகிறது என்பதும் அதிலே தெரிகிறது. மருந்தை மறுபடியும் தொடங்கவேண்டுமென்றே அவர்களும் எழுதினார்கள்.

அந்த ஆராய்ச்சி கண்ட காரணங்கள் இரண்டை நீங்கள் அறியவேண்டும். தாழ்ந்த இடத்துத் தோட்டங்களில் புழு அதிகம். பண்டாரவளைக் குளிரில் இருக்கிற நமக்கு அது சற்று ஆறுதல். கொஸ்லந்தைப் பக்கம் கீழே இறங்கினால் மண்ணும் சூடு, ஈரமும் சூடு. மற்றது, தாய் படிக்காத வீட்டில் புழு அதிகம். மருத்துவப் புத்தகத்தில் இப்படியொரு காரணத்தைப் பார்த்தபோது நான் வாசிப்பதை நிறுத்திச் சிறிது நேரம் யோசித்தேன்.

எங்களுக்கு இதையெல்லாம் படிப்பிக்கும் முறை பற்றி ஒரு வார்த்தை. புழுவின் வாழ்க்கையை வட்டமாக வரைவார்கள்: மனிதன், முட்டை, மண், குடம்பி, மறுபடி மனிதன். பரீட்சைக்கு அதை வரைந்தால் புள்ளி கிடைக்கும். அந்த வட்டத்திலே 'மண்' என்பது ஒரேயொரு சொல். ஆனால் 1916 முதல் ராக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு நம் தோட்டங்களில் நடந்த கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலை தடுமாறியது அந்த ஒரு சொல்லில்தான். மருந்து கொடுப்பது சுலபமாக இருந்தது. லயத்துக்கு லயம் மலசலகூடம் கட்டச் செலவாகும் என்றபோது துரைமார் பலர் தயங்கினார்கள். இந்தச் சரித்திரத்தையும் வட்டத்தோடு சேர்த்துப் படிப்பிக்கவேண்டும் என்பது என் எண்ணம். இரண்டு பாடங்களையும் வெவ்வேறு மணியில், ஒன்றையொன்று அறியாத இரண்டு அயலார் போல நடத்துவதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் ஒட்டுண்ணியியற் பேராசிரியையாக இருந்த காமினி மெண்டிஸ் அம்மையாரும் கூட்டத்தாரும் 1987இல் மலேரியா பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மலேரியாக் காய்ச்சல் கண்டவரின் இரத்தத்தில் உண்டாகும் பிறபொருளெதிரி, அந்த இரத்தத்தைக் குடித்த நுளம்பின் வயிற்றுக்குள் போய் அங்கே ஒட்டுண்ணி விருத்தியாவதைத் தடுக்கக்கூடும் என்று காட்டினார்கள். நோயாளிக்கு அதனால் லாபமில்லை. அயல் வீட்டுக்காரர் தப்புகிறார்! மலேரியாவுக்கு ஒரு தடுப்பூசியை உலக சுகாதார நிறுவனம் பரவலாகச் சிபார்சு செய்தது 2021இல். இலங்கை அதற்கு முன்பே, 2016இல், மலேரியா அற்ற நாடு என்ற சான்று பெற்றுவிட்டது. காய்ச்சல்காரரின் இரத்தத்தைச் சோதித்து, நுளம்பைத் துரத்தி, விடாமல் செய்த வேலையின் பலன் அது. 1934-35இல் ஏறத்தாழ எண்பதினாயிரம் பேரை அந்நோய்க்குப் பறிகொடுத்த நாடு இது என்பதையும் நினைத்துப்பாருங்கள். கொழுக்கிப்புழுவுக்கு வழக்கத்தில் உள்ள தடுப்பூசி இன்னும் இல்லை. அது வரும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

தாயின் படிப்புக்கு வருகிறேன். உயர்தர வகுப்பில் 'நிர்ப்பீடனம்', 'பிறபொருளெதிரி' என்று தமிழிலே படித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படிக்கிறோம். அந்த ஆங்கிலம் லயத்துக்குத் திரும்பி வரும்போது பேசத் தெரியாமல் நிற்கிறது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் கிறீன், மானிப்பாயில் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். மிஷன் பாடசாலையில் படித்தவன் இந்து வாலிபர் சபையில் பாதிரிமார் புகழ் பாடுகிறான் என்று பெரியவர்கள் சிரிக்கலாம். நல்ல காரியத்தை யார் செய்தால் என்ன?

ஆகவே ஒரு விண்ணப்பம். வரும் பாடசாலை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளை மடுவத்திலோ கோயில் மண்டபத்திலோ தாய்மாரைக் கூட்டுவோம். மூடி முத்திரையிட்ட கண்ணாடித் துண்டுகளில் புழு முட்டைகள் பாடம் செய்து கிடைக்கின்றன, அவற்றால் ஆபத்தில்லை. நூறு மடங்கு பெருக்கினால் வட்டப்புழுவின் முட்டை நன்றாகத் தெரியும். பார்த்தபின் கைகழுவுவது பற்றியும், பீலிக்கரையில் கீரை அலசுவது பற்றியும், மருந்து எப்போது கேட்கவேண்டும், பழுதான மலசலகூடத்துக்கு யாரிடம் எழுதவேண்டும் என்பது பற்றியும் தமிழில் பேசலாம். கடிதம் எழுத சங்கத்தில் கையெழுத்து அழகானவர்கள் பலர் இருக்கிறார்கள். நுணுக்குக்காட்டியைக் கேட்டு வாங்கி, பஸ்ஸிலே மடியில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.