படிப்புக்குக் கடன் கேட்டால் குழு விசாரிக்க வேண்டியவை

நான் திற்பரப்பைச் சேர்ந்தவள், பத்தாம் வகுப்பு வரை படித்தவள். டீச்சர்மார் படிப்பைப் பற்றிப் பேச இவளுக்கு என்ன தெரியும் என்று நினைக்கலாம். அந்தப் படிப்புக்குக் கடன் கொடுக்கிறது நம்ம சேமிப்புப் பணம்தானே, அதனால நாமும் தெரிஞ்சிக்கிடணும்.

எங்க குழுவில் இருக்கும் என் மைனி ஒரு தனியார் பள்ளியில் ஒண்ணாம் வகுப்பு டீச்சர். பிளஸ் டூ முடித்து, இரண்டு வருஷ ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வாங்கினவங்க. அண்ணனுக்கு ரப்பர் பால் வெட்டு. மழை பெய்தால் வேலை இல்லை. பி.ஏ., பி.எட். படித்தால் சம்பளம் கூடும் என்று மைனி 40,000 ரூபாய் கடன் கேட்டாங்க. "படிச்ச பிறகும் சம்பளம் கூடல்லன்னா தவணை எப்படி அடைப்பீங்க?" என்று ஒரு அக்கா கேட்டாங்க. மைனிக்கு முகம் வாடிப்போச்சு. ஆனாலும் அது கேட்க வேண்டிய கேள்வி. இரண்டு வாரம் விசாரித்தோம்.

முதலாவது, எந்த வகுப்புக்கு எந்தப் படிப்பு? ஒண்ணு முதல் அஞ்சாம் வகுப்பு வரை நடத்த பி.எட். செல்லாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு வேண்டிய பட்டயம் மைனியிடம் ஏற்கெனவே இருக்கு. இல்லாதது டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு, முதல் தாள். ஒரு தடவை பாஸானால் ஆயுள் முழுக்கச் செல்லும். ஆனால் அரசுப் பணிக்குத் தனியாகப் போட்டித் தேர்வும் எழுதணும்.

இரண்டாவது, கூடுதல் சம்பளம் யார் தருவாங்க? முன்பு அரசுப் பள்ளி ஆசிரியர் மேற்படிப்பு முடித்தால் ஊக்க ஊதிய உயர்வு மாதாமாதம் சம்பளத்தோடு சேர்ந்து வந்தது. 2020 மார்ச்சில் அதை நிறுத்தினாங்க. 2023-ல் அதற்குப் பதிலாக ஒரே தடவை தரும் தொகை வந்தது. பட்டப்படிப்புக்கு 10,000, முதுகலைக்கு 20,000, முனைவர் பட்டத்துக்கு 25,000 ரூபாய். தனியார் பள்ளியில் நிர்வாகம் சொல்வதுதான் சம்பளம். மைனி நேரில் கேட்டபோது, பட்டம் வாங்கினாலும் கூட்டித் தர முடியாது என்று சொல்லிட்டாங்க.

மூன்றாவது, சான்றிதழ் செல்லுமா? அஞ்சல் வழிப் பட்டத்துக்குப் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதி இருக்கணும். பி.எட். என்றால் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அங்கீகரித்திருக்கணும். ஏஜென்ட் பேச்சை நம்பிப் பணம் கட்டக் கூடாது. என்னைப் போலப் பத்தோடு நின்றவங்களுக்கும் ஒரு வார்த்தை. பிளஸ் டூ படிக்காமல் நேராகத் திறந்தநிலைப் பட்டம் வாங்கினால் தமிழ்நாடு அரசு வேலைக்கு அது உதவாது. முதலில் பிளஸ் டூ எழுதுங்க.

கடைசியில் மைனி 6,000 ரூபாய் மட்டும் வாங்கி, புத்தகமும் டெட் பயிற்சி வகுப்புமாகப் படிக்கிறாங்க. மாதம் 500 ரூபாயும் வட்டியும் தவறாமல் வருது. ஆறாம் வகுப்புக்கு மேல் நடத்தணும் என்று நினைத்தால், அப்போ பட்டத்துக்கும் பி.எட்.டுக்கும் கடன் கேட்கலாம், குழு கொடுக்கும்.

படிப்புக்குக் கடன் கொடுக்க யாரும் தயங்க வேண்டாம். இந்த மூன்றையும் கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டுக் கொடுங்க.