கொடையும் வரியும்



பெருஞ்செல்வர்கள் மனம் வைத்தால் நாட்டின் கடனையே அடைத்துவிடலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. கணக்குப் பார்ப்போம்.

2019 மார்ச்சில் அசிம் பிரேம்ஜி மேலும் விப்ரோ பங்குகளின் பயனைத் தமது அறக்கட்டளைக்கு ஒதுக்கினார்; அவரது மொத்தக் கொடை ரூ.1.45 லட்சம் கோடியாயிற்று. அரசுப் பள்ளி ஆசிரியர்களிடையே அவ்வறக்கட்டளை ஆற்றும் பணியை நாம் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆயினும் ஒன்றிய அரசு செலுத்தும் வட்டியே இன்று ஆண்டுக்கு ரூ.10 லட்சம் கோடிக்கு மேல். ஒரு வாழ்நாள் கொடை இரண்டு மாத வட்டிக்கும் போதாது. அசல் அப்படியே நிற்கும்.

அதே ஆண்டு செப்டம்பர் 20 அன்று, விலக்குகளைக் கைவிடும் நிறுவனங்களுக்கு வரி 22 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அதற்குமுன் பெருநிறுவனங்களுக்கு 30 விழுக்காடு. அன்று அறிவித்த சலுகைகளால் அரசு இழக்கும் வருவாயை நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே சொன்னார்: ஆண்டுக்கு ரூ.1.45 லட்சம் கோடி. அச்சுப் பிழையோ என்று இருமுறை சரிபார்த்தேன். ஒருவர் ஆயுள் முழுதும் ஈட்டிக் கொடுத்த தொகையை, ஒரே அறிவிப்பில், அதுவும் ஆண்டுதோறும், அரசு முதலாளிகளுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது. செல்வ வரியோ 2015 நிதிநிலை அறிக்கையிலேயே ஒழிக்கப்பட்டுவிட்டது.

மொழிபெயர்க்கையில் 'வள்ளல்' என்று எழுதப் பேனா தயங்குகிறது. வள்ளலிடம் கணக்குக் கேட்க எவருக்கும் உரிமையில்லை. வரிப்பணத்துக்கு நாடாளுமன்றத்தில் கேட்கலாம். செல்வ வரியை மீண்டும் கொணர்க என நாம் கோருவது இதனால்தான். கிளைக் கூட்டங்களில் இவ்விரு தொகைகளையும் அருகருகே எழுதிக் காட்டுங்கள்.