எனக்குப் பிறன் யார்?

(மருத்துவமனைச் சிற்றாலயத்தில் போதகர் அளித்த செய்தியின் சுருக்கம்)



லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் நியாயசாஸ்திரி ஒருவன், தனக்குப் பிறன் யார் என்று ஆண்டவரிடம் கேட்கிறான். நமது பழைய வேதாகமத்தின் சொல் 'பிறன்'. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பின் சொல் 'அடுத்திருப்பவர்'. ஒன்று அந்நியனையும் மற்றது பக்கத்தில் இருப்பவரையும் நினைவூட்டுகிறது. உவமையிலோ அந்நியனான சமாரியனே அடுத்திருப்பவன் ஆனான். யாரை நேசிக்கவேண்டும் என்று எல்லை கேட்டவனிடம், அடிபட்டவனுக்குப் பிறனாக இருந்தவன் யார் என்று ஆண்டவர் திருப்பிக் கேட்டார்.

எரிகோ சாலை நமக்குத் தூரமல்ல. காஷ்மீர்–கன்னியாகுமரி நெடுஞ்சாலை வேடசந்தூர், திண்டுக்கல் வழியாகவே செல்கிறது. தைப்பூச நாட்களில் பழனி பக்தர்கள் ஒட்டன்சத்திரம் சாலையில் இரவும் பகலும் நடக்கிறார்கள். அடிபட்டுக் கிடப்பவரைக் கண்டும் விலகிப் போகிறவர்கள் எல்லாரும் கல்நெஞ்சர் அல்லர். போலீஸ், கோர்ட் என்று அலைய நேருமே என்ற பயம் பலரைத் தடுத்தது.

அந்தப் பயத்தை நீக்கப் பிரசங்கம் மட்டும் போதவில்லை. போலீஸ் நடைமுறைக்குக் காத்திராமல் முதலில் உயிரைக் காக்கவேண்டும் என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் மருத்துவர்களுக்குக் கட்டளையிட்டது. உதவுகிறவரைப் பாதுகாக்கும் நெறிகளுக்கு 2016-இல் அதே நீதிமன்றம் சட்டவலிமை தந்தது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் அவரை 'நல்ல சமாரியன்' என்றே அழைக்கிறது. நல்லெண்ணத்தோடு உதவியவர்மேல் வழக்கு வராதபடி காக்கிறது. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. அவர் எந்த மாநிலத்தவர் என்று அது பார்ப்பதில்லை. பிறன் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கவுரை எது?

ஆகவே, அன்பு சபைக்குரியது, சட்டம் அரசுக்குரியது என்று பிரித்துவிடலாகாது. காயப்பட்டவனைத் தூக்கினால் மட்டும் போதாது, எரிகோ சாலையையே மாற்றவேண்டும் என்று 1967-இல் மார்ட்டின் லூதர் கிங் நியூயார்க்கில் பேசினார். ஆனாலும் சட்டம் பயத்தைத்தான் நீக்கும். வண்டியை நிறுத்தி இறங்கவேண்டியவர் நாமே. கிடப்பவர் எந்த ஊர், எந்தச் சாதி என்று கேட்காமல் இறங்கவேண்டும்.

உவமையில் ஒரு சத்திரமும் உண்டு. சமாரியன் இரண்டு பணம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிப்போனான். அன்பான ஆதரவாளர்களே, முகம் அறியாத நோயாளிக்காக நீங்கள் அனுப்பும் காணிக்கையும் அத்தகையதே. நம் சத்திரத்தின் கதவு எவருக்கும் அடைபடாதிருக்க ஜெபியுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.