யாரைக் காண வந்தோம்?

(நம் பங்கின் பொன்விழாவையொட்டி நடந்த குடும்பக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



சமூக வலைத்தளங்களை நாம் விடமுடியாமல் வைத்திருப்பது ஏன்? சிலர் திடீரென விலகிவிடுவது ஏன்? "எல்லாம் போதை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது. ஆனால், நம் கண்முன் நடந்த வரலாறு வேறு விதமாகப் பேசுகிறது.

2004 ஜனவரியில் கூகுள் நிறுவனம் ஆர்குட் என்னும் தளத்தைத் தொடங்கிற்று. அதை உருவாக்கிய பொறியாளரின் பெயரே அதற்கும் வைக்கப்பட்டது. பிரேசில் மக்களும் இந்திய மக்களும் அதில் திரளாகச் சேர்ந்தனர். நம் பிள்ளைகளும் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து அமர்ந்து, நண்பரின் பக்கத்தில் 'ஸ்கிராப்' எழுதி மகிழ்ந்தனர். ஆனால் 2014 செப்டம்பர் 30 அன்று அத்தளம் மூடப்பட்டது. நம் அரசு அதைத் தடை செய்யவில்லை. நம் பிரசங்கங்களும் அதை மூடவில்லை. நண்பர்கள் ஒவ்வொருவராக ஃபேஸ்புக்கிற்குப் போயினர். எஞ்சியவர் எழுதினார், பதில் எழுத ஆளில்லை. அவரும் போய்விட்டார்.

இதிலிருந்து நாம் அறிவதென்ன? மனிதர் தளத்தைத் தேடிப் போவதில்லை. தம் மனிதரைத் தேடியே போகின்றனர். தம்மவர் உள்ளவரை இருக்கின்றனர். தம்மவர் போனால் போகின்றனர்.

இதை அந்நிறுவனத்தார் நன்கு அறிவர். கணக்கை நிறுத்த முயன்றவருக்கு அவருடைய நண்பர்களின் படங்களையே காட்டி, இவர்கள் உம் பிரிவால் வருந்துவார்கள் என்று சொல்லிப் பார்த்தது ஃபேஸ்புக். 2009-இல் வந்த 'லைக்' பொத்தானும் அத்தகையதே. யாரோ நம்மைக் கவனித்தார் என்னும் சிறு மகிழ்ச்சிக்காகவே மீண்டும் மீண்டும் திறந்து பார்க்கிறோம்.

ஆகவே, வைத்திருப்போரைப் பழிக்க வேண்டாம். வளைகுடாவில் உழைக்கும் மகனின் முகத்தை ஒரு தாய் அதில்தான் காண்கிறாள். விலகுவோரையும் பழிக்க வேண்டாம். பிறர் வீட்டுக் கல்யாணத்தையும் புது வீட்டையும் பார்த்துப் பார்த்து மனம் வெதும்பிய ஒருவர், அதை விட்டபின் நிம்மதியாக உறங்குகிறார்.

ஆனால், சொல்லாமல் விலகினால், நமக்காகக் காத்திருப்பவர் என்ன செய்வார்? போகுமுன், யாருக்கு நம் குரல் தேவையோ அவர்களுக்குத் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டுப் போவோம். தொடர்ந்து இருப்போரோ, இன்றிரவு திறக்கும்போது, 'யாரைக் காண வந்தோம்?' என்று தம்மையே கேட்கட்டும். ஒரு பெயர் நினைவுக்கு வந்தால், அவருக்கு நாலு வரி எழுதட்டும். ஒரு பெயரும் வராவிடில், அதை மூடிவிட்டு, அடுத்த அறையில் தனித்திருக்கும் தந்தையின் அருகே போய் அமரட்டும்.

ஆர்குட் மூடியபோது, அதை மட்டுமே நம்பிய நட்புகள் அறுந்தன. கடிதமும் தொலைபேசியும் நேரில் போய்ப் பார்க்கும் வழக்கமும் இருந்த நட்புகள் நிலைத்தன. நம் அன்புக்கு ஒரே வாசல் போதாது. பல வாசல்களைத் திறந்து வைப்போமாக!