கடதாசிக்குக் கையேந்தும் அச்சுக்கூடங்கள்

(அச்சகத்தாரும் கமக்காரரும் கூடிய கூட்டமொன்றில் நாம் ஆற்றிய உரை)



அச்சகத்தாரின் கூட்டத்திற்குக் கமக்காரரை எதற்காக அழைத்தீர்கள் என்று வாசலில் ஒரு பெரியவர் எம்மைக் கேட்டார். அப்பொழுது நாம் விடை சொல்லவில்லை. வைக்கோலைப் பற்றிப் பேசும் இடம் வரும். அதுவரை அவர் பொறுத்தருள வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசனின் அச்சு முயற்சி ஒரு தடையுத்தரவோடு தொடங்கிற்று என்பதை நம்மிற் பலர் அறியார். 1820 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கரட் என்னும் அச்சுத்தொழிலாளர் அந்த மிசனுக்காக இங்கு வந்து சேர்ந்தார். அக்காலத்தில் அரசாட்சியை நடத்திய எட்வேட் பாண்ஸ் அவருக்கு இத்தீவில் இருக்க அனுமதி கொடுக்கவில்லை. வந்தவர் இந்தியாவுக்குப் போகவேண்டியதாயிற்று. 1834 இல் மைனர் என்னும் வேறோர் அச்சுக்காரர் வந்து மானிப்பாயில் வேலை தொடங்கும்வரை பதினான்கு ஆண்டுகள் வீணே கழிந்தன. பீரங்கியும் படையும் வைத்திருந்த ஓர் அரசாங்கம், கையில் ஈய எழுத்தோடு வந்த ஒரு மனிதருக்கு இடங்கொடுக்க அஞ்சியது!

அதன்பின் நடந்தவை நீங்கள் அறிந்தவையே. 1841 இல் உதயதாரகை வெளிவந்தது. 1849 இல் ஆறுமுக நாவலர் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். எங்கள் சமயமும் மொழியும் நிலைபெற்றதற்கு அந்த யந்திரசாலை செய்த பணியை இங்கு விரிக்க வேண்டியதில்லை.

அச்சுக்காரனை நாடு கடத்தும் வழக்கம் பின்னர் ஒழிந்தது. ஆனால் அச்சகத்தை வாயடைக்க வேறு வழிகள் உண்டு. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஈழநாடு பத்திரிகையின் அச்சகமும் எரிந்தது. 1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை இறுகியபோது, நெருப்பே தேவைப்படவில்லை. கடதாசியை நிறுத்தினாற் போதும் என்றாயிற்று. பிள்ளைகள் எழுதும் கோடிட்ட கொப்பித் தாளிற் பத்திரிகை அச்சாகி வந்ததை நம்மில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோதும் அதே நிலைமை, பக்கங்கள் சுருங்கின. அந்நாட்களில் ஒரு தாள்கூட வீணாகவில்லை. வெட்டித்தள்ளிய ஓரத்துண்டுகளிற் பற்றுச்சீட்டு அடித்த அச்சகங்களை நாமே கண்டிருக்கின்றோம்.

அவையெல்லாம் யுத்தகாலத்துக் கதை என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியாயின் 2022 ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். அந்த மார்ச்சு மாதத்தில் மேல் மாகாணத்துப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. காரணம் வினாத்தாள் அடிக்கக் கடதாசி இல்லை! அதே மாதத்தில் கொழும்பிலிருந்து வெளிவரும் ‘த ஐலன்ட்’, ‘திவயின’ ஆகிய பத்திரிகைகள் தம் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்தின. அவ்வாண்டு மார்ச்சுத் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த பெறுமதி, மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டியது. வங்கிகள் நாணயக் கடிதம் திறக்க மறுத்தன. திறக்கப் பணம் வைத்திருந்தவனுக்கும் டொலர் இல்லை.

வடக்கு மக்கள் பல ஆண்டு அனுபவித்த கடதாசிப் பஞ்சத்தைத் தெற்கு மக்கள் சில மாதம் அனுபவித்தார்கள். இதைக் கண்டு மகிழ்பவர் எவரேனும் இருப்பின் அவர் எம்மவர் அல்லர். நுகேகொடையில் சிறு அச்சகம் வைத்திருக்கும் சிங்களத் தொழிலாளியும் கொக்குவிலில் அச்சகம் வைத்திருக்கும் தமிழ்த் தொழிலாளியும் அன்று ஒரே தட்டுப்பாட்டினால் வாடினார்கள். ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. பெரிய நிறுவனங்கள் களஞ்சியத்தில் இருந்ததைக் கொண்டு சமாளித்தன. நம்மூர் அச்சகமோ வாரத்துக்கு வாரம் கடதாசி வாங்கி வாரத்துக்கு வாரம் வேலை முடிப்பது. கலியாணச் சீட்டுக்கு முற்பணம் வாங்கிக்கொண்டு, அடுத்த கிழமை அதே பணத்துக்குப் பாதிக் கடதாசியும் வாங்க முடியாமல் நின்ற அச்சகத்தார் இந்தச் சபையிலேயே இருக்கின்றனர். முகூர்த்தத்தை ஒத்திப்போட முடியுமா? நட்டத்தைத் தாமே ஏற்று வேலையை முடித்துக் கொடுத்தார்கள்.

இங்கே நம் அச்சுத்தொழில் எத்தகையது என்பதைக் கமக்காரச் சகோதரர்களுக்குச் சொல்ல வேண்டும். கோயில் திருவிழா விஞ்ஞாபனம், கலியாணச் சீட்டு, அந்தியேட்டி நாளிற் கொடுக்கும் நினைவு மலர், கடைகளின் பற்றுச்சீட்டுப் புத்தகம், சங்கங்களின் ஆண்டறிக்கை, நீங்கள் விதைப்புக்கு நாட்பார்க்கும் பஞ்சாங்கம் – இவைதாம் இந்தத் தொழிலைத் தாங்கி நிற்பவை. பிறப்பையும் இறப்பையும் விளைவையும் விழாவையும் நம்பி வாழும் தொழில் இது. இப்பொழுது கலியாண அழைப்புக் கைத்தொலைபேசியிற் போகின்றது. மரண அறிவித்தலும் அவ்வாறே. காலத்தின் போக்கை நாம் குறைகூறவில்லை. எஞ்சியிருக்கும் வேலையையும் அரசாங்கத்தின் கொள்கை பறித்துக்கொள்கிறதே என்பதுதான் எமது முறைப்பாடு.

வரியை எடுத்துக்கொள்வோம். 2024 ஜனவரி முதலாந் திகதி பெறுமதி சேர் வரி நூற்றுக்குப் 15 இலிருந்து 18 ஆக உயர்ந்தது. அதுவரை விலக்குப் பெற்றிருந்த நூல்களுக்கும் அந்த விலக்கு அன்றோடு நீங்கிற்று. 1980 முதல் பாடநூல்களை இலவசமாகக் கொடுப்பதாகப் பெருமை கொள்ளும் ஒரு நாடு, பாடநூலுக்கு வெளியே ஒரு பிள்ளை வாங்கும் கதைப்புத்தகத்துக்கு வரி கேட்டது. நூல்களுக்குச் சுங்க வரி கூடாது என்னும் 1950 ஆம் ஆண்டுப் புளோரன்சு உடன்படிக்கையில் இலங்கையும் சேர்ந்துள்ளது. அது சுங்கத்தைப் பற்றியதேயன்றி உள்ளூர் வரியைப் பற்றியதன்று என்று சட்டம் படித்தவர்கள் வாதிக்கலாம். சட்டப்படி அவ்வாதம் நிற்கவுங்கூடும். ஆயினும் வாசலாற் போகவிட்டதைக் கொல்லையிற் பிடித்துக்கொள்வது எந்த நியாயம்?

இந்த வரியில் இன்னொரு சூட்சுமம் உண்டு. சபையில் இருக்கும் கணக்காளர்கள் இதை நன்கறிவர். 2024 இல் இவ்வரிக்குப் பதிய வேண்டிய ஆண்டு விற்பனை எல்லை 60 மில்லியன் ரூபாவாக வைக்கப்பட்டது. பதிந்த பெரிய நிறுவனம் கடதாசிக்கும் மைக்கும் தகட்டுக்கும் கட்டிய வரியைத் தான் அறவிடும் வரியிற் கழித்துக்கொள்ளும். பதியாத சிறிய அச்சகமோ கட்டிய வரியைக் கழிக்க வழியின்றித் தன் செலவோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். பதிந்த வர்த்தகர் ஒருவர் வேலை கொடுக்க வரும்போது, பெரிய அச்சகத்தின் வரிச்சீட்டு அவருக்குப் பயன்படும். சிறிய அச்சகத்தின் பற்றுச்சீட்டு பயன்படாது. சிறியவனைக் காக்கவென்று சொல்லி வைத்த எல்லை இவ்வாறு அவனையே கீழே தள்ளுகின்றது.

அரசியல் பேசவில்லை என்று எவரும் எண்ணவேண்டாம். 2023 மார்ச்சு 9 ஆந் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடக்கும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. பணம் கிடைக்காமல் வாக்குச்சீட்டு அச்சிட முடியாது என்று அரசாங்க அச்சகத் திணைக்களம் சொல்லிற்று. திறைசேரி பணத்தை விடவில்லை. தேர்தல் நின்றது. துப்பாக்கி இல்லை, ஊரடங்கு இல்லை. அச்சுக்கூலியை நிறுத்தியே ஒரு நாட்டின் வாக்குரிமையை நிறுத்தினார்கள். மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே 6 ஆந் திகதியே நடந்தேறியது. 1820 இல் அச்சுக்காரனைத் துரத்தியவர்களுக்கும் இவர்களுக்கும் இடையில் இருநூறாண்டு தூரம் இருக்கின்றதா என்று எமக்கு ஐயம் எழுகின்றது.

இனி, வாசலிற் கேட்ட பெரியவருக்கு விடை.

1950 களின் நடுப்பகுதியில் மட்டக்களப்பு மாவட்டத்தின் வாழைச்சேனையில் அரசாங்கம் கடதாசி ஆலை ஒன்றை நிறுவியது. அதன் மூலப்பொருள் இலுக்குப் புல்லும் வைக்கோலும். ஆம், உங்கள் வயலின் வைக்கோல்தான். கிழக்கின் கமக்காரன் சூடு மிதித்து நெல்லை வீட்டுக்குக் கொண்டுபோனபின் எஞ்சிய வைக்கோல் ஆலைக்குப் போயிற்று; ஆலையிலிருந்து வந்த கடதாசி பள்ளிக்கொப்பியாயும் அச்சகத்துத் தாளாயும் திரும்பி வந்தது. 1978 இல் தெற்கே எம்பிலிப்பிட்டியவிலும் இன்னோர் ஆலை எழுந்தது. பின்னர் யுத்தமும், பழைய யந்திரமும், பொறுப்பற்ற நிருவாகமும், மலிவான இறக்குமதியும் சேர்ந்து வாழைச்சேனையை வீழ்த்தின. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறிட்ட ஆலையின் புகைபோக்கியில் ஆண்டுக்கணக்காகப் புகையில்லை. அண்மைக் காலத்தில் கழிவுக் கடதாசியைக் கொண்டு அதை மீண்டும் இயக்கும் முயற்சிகள் நடந்தன. அம்முயற்சிகளை நாம் இகழவில்லை. ஆனால் அவை பழைய ஆலையின் நிழல் மாத்திரமே.

மேடையில் நின்று வாக்குறுதிகளை அள்ளி வீசுவது எளிது. நாம் அதைச் செய்யப்போவதில்லை. வைக்கோலின் நார் குட்டையானது. அதில் சிலிக்கா மிகுதி. எரிசோடாவில் அவித்தபின் எஞ்சும் கறுத்த நீரிலிருந்து சோடாவை மீட்டெடுப்பதை அந்தச் சிலிக்கா கடினமாக்கும். மீட்காமல் விட்டால் அந்த நீர் வாவியிற் கலந்து மீனவர் வயிற்றில் அடிக்கும். நீண்ட நாருள்ள கூழைச் சிறிதேனும் வெளியிலிருந்து கொண்டுவந்து கலந்தாலன்றித் தாள் உறுதி பெறாது. செய்தித்தாளுக்கான கடதாசியை வைக்கோலில் மாத்திரம் செய்துவிடலாம் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் கொப்பி, பற்றுச்சீட்டு, விஞ்ஞாபனம், மட்டை, பொதி கட்டும் தாள் – இவற்றிற்கு வைக்கோற்கூழ் பெரிதும் உதவும். நம் அச்சகங்களின் அன்றாட வேலை பெரும்பாலும் இவைதாமே.

ஒரு தொன் நெல் விளையும் நிலத்தில் ஏறக்குறைய ஒரு தொன் வைக்கோலும் விளைகின்றது. ஏறக்குறைய இரண்டரைத் தொன் வைக்கோல் ஒரு தொன் கூழாகும். அறுவடை யந்திரம் வந்தபின் வைக்கோல் வயலெங்கும் சிதறிக் கிடக்கின்றது; அதைப் பொறுக்கிக் கட்டக் கூலி கட்டாது என்று பலர் தீ வைக்கின்றனர். இன்னொரு பக்கம், 2021 இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தபோது வைக்கோலின் அருமையைப் பலர் கற்றனர். அதை வயலிலேயே மக்கவிட்டால் மண்ணுக்குப் பசளை. மாட்டுக்கும் அது தீன். ஆகவே ஆலைக்காரர் வந்து வீணாகக் கிடப்பதை எடுக்கிறோம் என்று இனாமாய்க் கேட்டால் நீங்கள் கொடுக்கக் கூடாது. மண்ணுக்கும் மாட்டுக்கும் வேண்டியதை ஒதுக்கியபின், மிகுதிக்கு, கட்டுக்கூலியும் ஏற்றுக்கூலியும் போக ஒரு நியாய விலை முன்கூட்டியே எழுத்தில் வரவேண்டும். அந்த விலையில்லாமல் ஆலை திறப்பது நாடா வெட்டும் விழாவாகவே முடியும்.

மற்றொன்று அரசாங்க வேலை. 1987 ஆம் ஆண்டுப் பதின்மூன்றாந் திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. ஆயினும் நம் கைக்கு வரும் படிவங்களைப் பாருங்கள். தமிழ்ப் பக்கத்தில் எழுத்துப் பிழை, சொற் பிழை, சில இடங்களிற் பொருளே தலைகீழ். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒப்புநோக்காளர் ஒருவர் கண்பட்டிருந்தால் இவை நேருமா? வடக்குக் கிழக்கின் திணைக்களங்களும் உள்ளூராட்சி மன்றங்களும் தமக்கு வேண்டிய அச்சுவேலையை இங்குள்ள அச்சகங்கள் ஏற்கக்கூடிய அளவுக்குச் சிறு பகுதிகளாகப் பிரித்து விலைமனுக் கோரவேண்டும். முடித்த வேலைக்குப் பணம் முப்பது நாளில் வரவேண்டும். ஆறு மாதம் காத்திருக்க வைத்தால் சிறிய அச்சகம் வட்டிக்காரனிடமே போகும்.

அச்சக அன்பர்களுக்கும் ஒரு சொல். அயலவனின் விலையை அறுப்பதற்காகக் கடதாசி விலைக்கும் கீழே வேலை ஏற்பவர்கள் நம்மிலும் உண்டு. அவ்வாறு ஏற்றவர் அடுத்த மாதம் தொழிலாளியின் சம்பளத்தில் கைவைப்பார். கூட்டாகச் சேர்ந்து கடதாசியை மொத்தமாகக் கொள்வனவு செய்யும் ஒரு சங்கம் அமைப்பதற்குக் கூட்டுறவு வளர்ந்த இந்த மண்ணில் என்ன தடை? புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் கமக்காரர் சேர்ந்தார்கள். கடதாசிக்கு நீங்கள் சேர முடியாதா?

பாராளுமன்ற உறுப்பினரிடம் நாம் வெறுங்கையோடு போகப்போவதில்லை. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, 2022 தொடக்கம் இன்றுவரை கடதாசிக்கும் மைக்கும் நீங்கள் கொடுத்த பணத்தின் பற்றுச்சீட்டுகளையும், அதிற் கட்டிய வரியையும் மாதவாரியாக எழுதிக்கொண்டு வாருங்கள். கமக்காரச் சகோதரர்கள் போன போகத்தில் எத்தனை ஏக்கர் வைக்கோல் எரிந்தது, ஒரு ஏக்கர் வைக்கோலைக் கட்டி வீதிக்குக் கொண்டுவர என்ன செலவாகும் என்று குறித்து வாருங்கள். கணக்காளர் இருவர் அவற்றைச் சேர்த்து மனுவாக எழுத முன்வந்துள்ளனர். அந்த மனுவை நம் அச்சகம் ஒன்றிலேயே, பிழையில்லாத தமிழில், அச்சிடுவோம்.