பாறை மேல் ஏறிய பிள்ளைகளும் கம்பியில்லாப் பாடமும்

(பூனாகலை தோட்ட வாசிகசாலையில் நடந்த இளைஞர் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



ஆறு நாள் மலையில் நின்றுவிட்டு, ஏழாவது நாள் ஓய்வையும் விட்டு இங்கே வந்திருக்கிறீர்கள். ஆகவே பேச்சை நீட்டாமல் விஷயத்துக்கு வருகிறோம்.

2021ஆம் ஆண்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தன. பாடமெல்லாம் போனில்தான். நமது ஊவாவிலே போகிட்டியாவ என்றொரு கிராமம். அந்த ஊர்ப் பிள்ளைகளும் அவர்களுடைய ஆசிரியையும் சிக்னல் தேடி மூன்று கிலோமீற்றருக்கு மேல் காட்டு வழியே நடந்து பாறை உச்சிக்கு ஏறினார்கள். லுணுகலையில் பிள்ளைகள் காட்டு மரத்தின் மேல் கட்டிய குடிலில் ஏறி உட்கார்ந்து படித்தார்கள். இது வெளிநாட்டுப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. நம்ம பிள்ளைகளும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டு மலையில் நின்றதை நீங்களே பார்த்தீர்கள்.

எல்லாரும் "ஐயோ பாவம்" என்றார்கள். நாங்களும் சொன்னோம். ஆனால் ஒரு கேள்வியை நாங்கள் கேட்கவே இல்லை. பாறை மேலே கிடைக்கிற சிக்னல் பாறைக்குக் கீழே ஏன் கிடைக்கவில்லை? அந்தக் கேள்வியைக் கேட்டது நமது தோட்டத்துப் பெண் பிள்ளை ஒன்றுதான். பெயரைச் சொன்னால் வெட்கப்படும், ஆகவே சொல்லவில்லை. இந்தக் கூட்டத்திலேதான் உட்கார்ந்திருக்கிறது.

உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருந்த பிள்ளை அது. ஒரு நாள் போட்டோ கொப்பி எடுத்த தடித்த கட்டு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் காரியாலயத்துக்கு வந்தது. "ஐயா, கம்பியில்லா வலையமைப்புப் பரீட்சைக்குப் படிக்கப் போறேன். பின்னேரத்துல வாசிகசாலை சாவியைத் தருவீங்களா?" என்று கேட்டது. அன்றைக்கு நாங்கள் சொன்ன பதிலை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். "இதெல்லாம் நமக்குச் சரிவராது பிள்ளை. கார்மென்ட்சுக்கு ஆள் எடுக்கிறாங்க, பெயரைக் குடு" என்றோம். நலன் பார்க்க வேண்டிய நாங்களே அப்படிச் சொன்னோம். பிள்ளை சண்டை போடவில்லை. வாசலில் நின்று, "சரிங்க ஐயா. ஆனா மழை பெஞ்சா சவுக்கு மரத்துக்குப் பின்னால சிக்னல் ஏன் கொறையுது? அது மட்டும் தெரிஞ்சா சொல்லுங்க" என்றது. எங்களுக்குப் பதில் தெரியவில்லை. சாவியை எடுத்துக் கொடுத்தோம்.

அதற்குப் பிறகு பின்னேரங்களில் நாங்களும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தோம். நாங்கள் படித்தது சாதாரண தரம் மட்டும்தான். எங்களுக்கே விளங்கியது என்றால் உங்களுக்கும் விளங்கும்.

கம்பியில்லாமல் போகிற சிக்னல் என்பது ரேடியோ அலை. வெளிச்சம் மாதிரித்தான். தகரத்தில் பட்டால் திரும்பிவிடும். நம்ம லயத்துக் கூரை தகரம். ஆகவே ஒரு காம்பிராவில் கிடைப்பது அடுத்த காம்பிராவில் கிடைக்காது. தண்ணீர் அலையை உறிஞ்சும். மழையில் நனைந்த இலை என்றால் தண்ணீர்ச் சுவர் மாதிரி. பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான்.

இரண்டு இடத்துக்கு நடுவே அலை நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிறது என்று நாம் நினைக்கிறோம். அப்படியில்லை. இரண்டு முனையும் ஒடுங்கி, நடுவில் பருத்துப் போகிறது. வைஃபைக்குப் பாவிக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை ஒரு கிலோமீற்றருக்கு அனுப்பினால், சரி நடுவில் அந்தப் பருமன் நூலைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஐந்தரை மீற்றர் அளவுக்கு இருக்கும். கண்ணுக்கு எதிர்மலை தெரிகிறது என்பதால் மட்டும் சிக்னல் போய்விடாது. நடுவில் சவுக்கு மரம் தலையை நீட்டினாலும் குறையும். பாறை மேல் ஏறினால் கிடைப்பது ஏன் என்று இப்போது விளங்குகிறதா?

இன்னொன்று, பீலியில் தண்ணீர் பிடிப்பதைப் பாருங்கள். ஒரு குடம் நிறைகிற வரைக்கும் மற்றவர்கள் காத்திருக்கிறோம். இடித்துக்கொண்டு போனால் இரண்டு குடமும் நிறையாது. வைஃபையும் அப்படித்தான். ஒரு பாதையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். பேசுமுன் ஒவ்வொரு போனும் காது கொடுத்துக் கேட்டு, ஆள் பேசினால் பொறுத்திருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத பாதைகள் என்று பாடத்தில் சொல்வது 1, 6, 11 என்ற மூன்றைத்தான்.

கணக்குக்குத்தான் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். டெசிபெல் என்று ஒரு அளவு. இரண்டு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும். 3 கூடினால் சக்தி இரண்டு மடங்கு, 10 கூடினால் பத்து மடங்கு. வைஃபை பெட்டி ஒன்று 100 மில்லிவாட் சக்தியில் அனுப்புகிறது என்று வையுங்கள். போனில் கழித்தல் 70 என்று காட்டினால், வந்து சேர்ந்தது ஒரு மில்லிவாட்டில் கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு சின்னதை வைத்துக்கொண்டுதான் படம் பார்க்கிறோம்.

சரி, பரீட்சை எப்படி? அமெரிக்காவிலுள்ள சீ.டபிள்யூ.என்.பி. என்ற அமைப்பு நடத்தும் ஆரம்பநிலைப் பரீட்சைக்குத்தான் பிள்ளை படித்தது. கணினியில் எழுதுவது. 60 கேள்வி, 90 நிமிடம், சரியான விடையைத் தெரிவு செய்ய வேண்டும். 100க்கு 70 எடுத்தால் சித்தி. அதாவது 42 கேள்வி சரியாக வேண்டும், ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம். பாடம் ஆங்கிலம், கட்டணம் டொலரில்.

பிள்ளை முதல் தடவை எழுதியது. சித்தியடையவில்லை. அம்மா கொழுந்து எடுத்துச் சேர்த்த பணம் அப்படியே போயிற்று. இரண்டு நாள் வெளியே வரவில்லை. "நாங்க அப்பவே சொன்னோமே" என்று சொல்ல லயத்தில் ஆள் இருந்தது. அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது நாள் பிள்ளை வந்து சாவியைக் கேட்டது.

விழுந்ததற்குக் காரணம் என்ன என்று உட்கார்ந்து பார்த்தோம். சங்கதி தெரியாமல் இல்லை. கேள்வியின் ஆங்கிலத்தை வாசித்து விளங்கவே நேரம் போய்விட்டது. ஆகவே முறையை மாற்றினோம். ஒவ்வொரு பாடத்தையும் முதலில் நம்ம பேச்சில் ஒருவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். அதன் பிறகு ஆங்கிலச் சொல்லை ஒரு கொப்பியில் எழுத வேண்டும். கடைசியில் மணிக்கூட்டை வைத்துக்கொண்டு கேள்விக்கு விடை எழுத வேண்டும். இப்போது ஐந்து பிள்ளைகள் சேர்ந்து படிக்கிறார்கள். விளக்கிச் சொல்கிறவருக்குத்தான் பாடம் நன்றாகப் பதிகிறது.

இதற்கிடையில் அந்தப் பிள்ளை செய்த ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். போனைக் கையில் பிடித்துக்கொண்டு டிவிஷன் முழுக்க நடந்து, எந்த இடத்தில் எவ்வளவு சிக்னல் என்று ஒரு தாளில் வரைந்து கொண்டு வந்தது. போன் சிக்னல் வேறு, வைஃபை வேறு. ஆனால் அலையின் குணம் ஒன்றுதான். காரியாலய வாசலில் கழித்தல் 85. கீழ் லயத்துக் கடைசி வீட்டில் கழித்தல் 115. வித்தியாசம் 30. இப்போது உங்களுக்கே கணக்குத் தெரியும். பத்துப் பத்தாக மூன்று தடவை, ஆயிரம் மடங்கு குறைவு. அந்த வீட்டிலே வயசான ஆட்கள் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியதை நாம் மறக்க மாட்டோம். 2023 மார்ச்சில் நமது பூனாகலை கபரகலையிலேயே மண் சரிந்து குடும்பங்கள் வீட்டை இழந்தன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. அது கடைசி வீடு வரைக்கும் போய்ச் சேர வேண்டும். எங்கே போன் வேலை செய்யாது, எந்த வீட்டுக்கு ஆளை அனுப்ப வேண்டும் என்று அந்தத் தாளைப் பார்த்தால் தெரியும். அதை இப்போது காரியாலயச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். இத்தனை வருஷம் உத்தியோகம் பார்த்த எங்களுக்கு இது தோன்றவில்லை. படிக்கிற பிள்ளைக்குத் தோன்றியது.

இது நடக்காத காரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அனுராதபுர மாவட்டத்தில் மகாவிலச்சிய என்ற விவசாயக் கிராமம். 2006ஆம் ஆண்டளவில் அங்கே வீட்டுக்கு வீடு கம்பியில்லா வலை போட்டார்கள். ஊர்ப் பிள்ளைகள் கணினி படித்த இடம் அது. அந்த ஊரில் முடிந்தது நம்ம மலையில் முடியாதா?

பெற்றோருக்கு மூன்று விஷயம் சொல்லி முடிக்கிறோம். முதலாவது, சான்றிதழ் என்பது வேலைக் கடிதம் இல்லை. அதைக் காட்டி வெளிநாட்டு வேலை வாங்கித் தருகிறோம் என்று பணம் கேட்டு வருகிற தரகரை வாசலோடு அனுப்புங்கள். இரண்டாவது, வட்டிக்கு வாங்கிக் கட்டணம் கட்ட வேண்டாம். முதலில் பாடத்தைப் படிக்கட்டும், ஆயத்தமான பிறகு பணத்தைக் கட்டலாம். நம்ம நாட்டு வேலைக்குத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழும் உதவும். தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும் ஹட்டன் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையத்திலும் என்னென்ன பாடநெறி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். மூன்றாவது, பிள்ளை விழுந்தால் ஏசாதீர்கள். கவ்வாத்து வெட்டிய செடியைப் பார்த்துச் செத்துப்போச்சு என்று நாம் சொல்வதில்லை.

நம்ம பிள்ளை அடுத்த மாதம் திரும்பவும் எழுதப் போகிறது. கட்டணத்துக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? லயத்துத் தாய்மார் சீட்டில் தங்கள் முறையை விட்டுக்கொடுத்து, பிள்ளையின் அம்மாவுக்கு முதலில் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். சித்தியடையுமா என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் வாசிகசாலைச் சாவி இனி எங்கள் காரியாலயத்தில் தொங்காது. அது அந்தப் பிள்ளைகளின் கையில்தான் இருக்கும். பின்னேரம் ஐந்து மணிக்குக் கதவு திறந்திருக்கும். விருப்பமுள்ள தம்பி தங்கச்சிமார் ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.