நாடகமும் காலத்தின் அச்சமும்



நாடகம் காலத்தின் கண்ணாடி என்பர். கண்ணாடி காட்டுவது புறத்தோற்றத்தையே. நல்ல நாடகமோ, மக்கள் வெளியிற் கூறத் தயங்கும் அச்சத்தையும் காட்டவல்லது.

இதற்குச் சான்றாக, யாழ்ப்பாணத்து நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் அவர்களின் இரு நாடகங்களை நோக்குவோம். 1983ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர், 1985இல் மேடையேறியது ‘மண் சுமந்த மேனியர்’. தலைப்பைக் கேட்டதும் பிட்டுக்கு மண் சுமந்த பெருமான் நினைவுக்கு வருவார். அரங்கிலே துயர் சுமந்து நின்றோரோ எம்மூர்ச் சாதாரண மக்கள். 1990களில் வந்த ‘எந்தையும் தாயும்’, பிள்ளைகள் கடல் கடந்து சென்றபின் தனித்துவிட்ட முதியோரைக் காட்டிற்று. உயிருக்கு அஞ்சுவது ஒருவகை; இறுதியிற் கொள்ளி வைக்க யாருளர் என ஏங்குவது பிறிதொருவகை.

அச்சத்தை அரங்கிற் காட்டினால் அது தீருமோ என வினவலாம். தீராது. ஆயினும், தம் வீட்டுக்கு மட்டுமே உரியதென மறைத்து வைத்த கவலை அடுத்த இருக்கையில் அமர்ந்திருப்பவர்க்கும் உண்டெனக் காணும்போது, அது பேசத்தக்கதாகிறது. பேசத்தக்க துயரைப் பகிரவும் இயலும்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி மீண்டும் பல இளைஞரை நாடு விட்டு அனுப்பியது. பாடசாலை மேடைகளில் அரசர் கதைகளை ஆடுவிக்கும் ஆசிரியர்களாகிய நாம், வீட்டில் எஞ்சியிருக்கும் தம்பி தங்கையரின் உள்ளத்தையும் ஒருகால் மேடையேற்றுவோமாக.